சராசரிக்குள் மறைந்த பிள்ளைகள்

(வத்தளையில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



அரசியல் பேசும் மேடையில் குடற்புழுவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். மொழியுரிமை, நிலவுரிமை, வேலையுரிமை ஆகிய பெரும் பிரச்சினைகள் நம் முன் நிற்கையில் பிள்ளையின் வயிற்றுப் பூச்சியைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டுமா என்று அவர்கள் கேட்கலாம். வேண்டும் என்பதே என் விடை. ஒரு சமூகத்துக்கு நாட்டில் எத்தகைய இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அறியச் சட்டப் புத்தகங்களைப் புரட்டலாம். அச்சமூகத்துப் பிள்ளைகளின் மலத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தும் பார்க்கலாம். இரண்டும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன.

அந்தக் கதையை நான்கு எண்களில் அடக்கிச் சொல்லிவிடுகிறேன். 1992ஆம் ஆண்டில் நம் நாட்டின் பெருந்தோட்டங்களில் 3 வயது முதல் 12 வயது வரையான பிள்ளைகளையும், பிள்ளைபெறும் பருவத்துப் பெண்களையும் பரிசோதித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குடற்புழு இருந்தது. 2009இல் தோட்டப்புறப் பாடசாலைகளில் மீண்டும் பரிசோதித்தபோது அது நூற்றுக்கு 29. 2017இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் தோட்டச் சமூகங்களில் நூற்றுக்கு 9. அதே 2017இல், அதே கணக்கெடுப்பில், நாடு முழுவதுக்குமான ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் எண்ணோ நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. சரியாகச் சொன்னால் 0.97.

தொண்ணூறு ஒன்பதாயிற்று என்று மகிழலாம். மகிழத்தான் வேண்டும். ஆனால் நாட்டுக்கு ஒன்றும் தோட்டத்துக்கு ஒன்பதுமாக இருப்பது ஏன் என்று கேட்காமல் அந்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பலாகாது. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்தேன். வத்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் குடியிருக்கும் நம்மிற் பலருக்கு மலைநாட்டிலே உற்றார் உறவினர் உண்டு. அங்கிருந்து கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்கு வந்த இளைஞரும் பெண்களும் நம் அயலிலேயே வாழ்கின்றார்கள். ஆகவே இது தொலைதேசத்துச் செய்தியன்று.

புழுக்கள் எவை?

முதலில் நோயை அறிந்துகொள்வோம். மண்வழியாகப் பரவும் குடற்புழுக்கள் மூன்று. வட்டப்புழு, சவுக்குப்புழு, கொழுக்கிப்புழு என்பன அவை.

வட்டப்புழு மண்புழுவைப் போல் நீண்டது. பெண் புழு ஓரடிக்கும் சற்றுக் கூடுதலாகக்கூட வளரும். சிறுகுடலில் ஓராண்டோ ஈராண்டோ தங்கி, நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் முட்டைகளை இடும். அந்த முட்டைகள் மலத்தோடு வெளியேறி மண்ணிலே விழுகின்றன. விழுந்தவுடன் அவை நோயைத் தருவதில்லை. ஈரமும் நிழலும் இளஞ்சூடும் உள்ள மண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பின்னரே தொற்றும் வலிமை பெறுகின்றன. பின்னர் விரல்வழி, கழுவாத கீரைவழி, மண்படிந்த பண்டத்தின்வழி பிள்ளையின் வாய்க்குள் புகுகின்றன. குடலில் பொரிந்த குஞ்சு குருதியோடு ஈரலுக்கும் நுரையீரலுக்கும் சென்று, தொண்டைவழியாக விழுங்கப்பட்டு மறுபடியும் குடலை அடைகின்றது. இந்தப் பயணமும் வளர்ச்சியும் முடிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும்.

சவுக்குப்புழு சிறியது, ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். பெருங்குடலின் சுவரில் தன் மெல்லிய தலைப்பகுதியைப் புதைத்துக்கொண்டு கிடக்கும். அது மிகுந்தால் சீதபேதியும் குருதியிழப்பும் உண்டாகும். சில பிள்ளைகளுக்கு மலவாய் வெளித்தள்ளுவதும் உண்டு.

கொழுக்கிப்புழுவின் வழி வேறு. அதன் முட்டை ஈரமண்ணில் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குஞ்சாகிக் காத்திருக்கும். வெறுங்காலோடு யார் நடந்தாலும் அக்காலின் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். குடலை அடைந்ததும் சுவரைக் கடித்துப் பற்றிக் குருதியை உறிஞ்சும். நம் பிரதேசத்தில் மிகுதியாகக் காணப்படும் இனத்தின் ஒரு புழு நாளொன்றுக்கு எடுப்பது ஒரு துளி குருதிக்கும் குறைவு. ஆனால் நூறு புழுக்கள் கூடினால் நாளொன்றுக்கு 3 மில்லிலீட்டர், மாதமொன்றுக்கு 90 மில்லிலீட்டர். பயறும் மீனும் கீரையும் போதிய அளவில் உண்ணும் பிள்ளை அதை ஓரளவு தாங்கும். ரொட்டியும் தேயிலைச் சாயமுமே காலை உணவாக உள்ள பிள்ளை எவ்வாறு தாங்கும்? சாயத்தண்ணீர் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரும்பு குன்றினால் குருதி வெளிறுகிறது. குருதி வெளிறிய பிள்ளை வகுப்பிலே தூங்கி விழுகிறது. அதற்கு நாம் 'மந்தன்' என்று பட்டம் சூட்டிப் பின்வாங்கில் அமர்த்துகிறோம்.

இம்மூன்றையும் தவிர, வீடுகளில் கீரிப்பூச்சி என்று சொல்லப்படும் நூற்புழுவும் உண்டு. இரவிலே மலவாயிற் கடியை உண்டாக்குவது இதுவே. இது மண்ணில் முதிர வேண்டியதில்லை. சொறிந்த விரலிலிருந்தும் படுக்கை விரிப்பிலிருந்தும் நேரே பரவும். மாடிவீட்டுப் பிள்ளைக்கும் இது வரும். ஆகையால் பிள்ளைக்குப் பூச்சி இருக்கிறது என்று சொல்ல எந்தத் தாயும் நாணவேண்டியதில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைந்துவிட வேண்டும். 'இனிப்புத் தின்றால் பூச்சி வைக்கும்' என்று நம் பாட்டிமார் சொல்வர். இனிப்பு பல்லைக் கெடுக்கும், புழுவை உண்டாக்காது. முட்டையோ குஞ்சோ வெளியிலிருந்து வராமல் எந்தப் புழுவும் வயிற்றிலே தானாகத் தோன்றுவதில்லை. நித்திரையிற் பல்லைக் கடிப்பதும் புழுவுக்கு உறுதியான அடையாளமன்று. மலத்தைப் பரிசோதிப்பதே உறுதியான வழி.

நூறாண்டுக்கு முந்திய பாடம்

இந்த நோயை எதிர்த்து நம் நாட்டில் நடந்த முதற் பெரும் போர் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கிற்று. அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் அதற்கு முன் தன் நாட்டின் தென்மாநிலங்களில் 1909 முதல் 1914 வரை கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கமொன்றை நடத்தியிருந்தது. அந்த அனுபவத்தோடு அதன் சர்வதேச சுகாதாரப் பிரிவு இலங்கைக்கு வந்தது. தோட்டத் தொழிலாளரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவர்கள்மீது கொண்ட கருணை மட்டுமன்று. குருதி வற்றிய தொழிலாளி குறைவாகவே கொழுந்து பறிப்பான் என்ற கணக்கும் அங்கே இருந்தது. துரைமாருக்கு விளங்கும் மொழி அதுவே.

மருந்து கொடுத்தார்கள். தைமோல் என்பதும், பின்னர் கீனோபோடியம் எண்ணெய் என்பதும் அக்காலத்து மருந்துகள். அவை கடுமையானவை, பேதிக்கும் கொடுத்து, பட்டினியும் போட்டு, ஒரு நாள் வேலையையும் இழந்து அவற்றை உட்கொள்ள வேண்டியிருந்தது. மருந்து உண்ட தொழிலாளியின் வயிற்றிலிருந்து புழு வெளியேறிற்று. ஆனால் அவன் திரும்பிச் சென்றது எங்கே? அதே லயத்துக்கு. அந்த லயத்துக்கு மலசலகூடம் இல்லை; இருந்தாலும் பலருக்கு ஒன்று. தேயிலைச் செடிகளின் நடுவே மலங்கழித்த மண்ணில் மறுநாட் காலை வெறுங்காலோடு மலை ஏறினான். மறுபடியும் புழு ஏறிற்று. மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். கூடம் கட்டாவிட்டால் பயனில்லை என்பதை அனுபவமே கற்றுக்கொடுத்தது. மலசலகூடம் கட்டுங்கள் என்றபோது, மருந்துக்கு இசைந்த தோட்ட முதலாளிமார் செலவைக் கண்டு தயங்கினார்கள்.

அந்தத் தோல்வி முற்றும் வீணாய்ப் போகவில்லை. ஒரு நோயை மட்டும் தனியே துரத்துவதை விட்டு, ஒரு பிரதேசத்தின் தாய் சேய் நலம், குடிநீர், மலசலகூடம், பாடசாலைச் சுகாதாரம் ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே கவனிக்கும் முறை பிறந்தது. 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பகுதி அவ்வாறு எழுந்ததே. இன்று நம் ஊர்களில் சுகாதார வைத்திய அதிகாரியும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், குடும்பநல மாதும் வீடு தேடி வருகின்றார்களே, அந்த அமைப்பின் வித்து அங்கே ஊன்றப்பட்டது. ஆசிய நாடுகள் பலவும் வியக்கும் இலங்கையின் பொதுச் சுகாதாரம் அந்த வித்திலிருந்து வளர்ந்த மரம்.

இதில் ஒரு முரண் உண்டு. தோட்டத்தில் தோற்ற பாடத்திலிருந்து கிராமம் பயன்பெற்றது. தோட்டமோ நெடுங்காலம் அந்த மரத்தின் நிழலுக்கு வெளியே நின்றது. தோட்டத்துச் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று விடப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பான்மையோர் நாடற்றவர் ஆயினர். பின்னர் வாக்கையும் இழந்தனர். வாக்கில்லாதவன் வீட்டுக்கு மலசலகூடம் கட்டித்தர எந்த உறுப்பினன் ஓடிவருவான்? அந்தப் பிரச்சினை சட்டப்படி முடிவுக்கு வந்தது 2003இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள்! இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளையும் லயத்து மண் தன்னுள் பதித்து வைத்திருக்கிறது.

நிறுத்தியதன் விலை

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 1992இல் தொண்ணூறு வீதத்துக்கு மேல் என்று கண்டபின், 1994இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. தோட்டத்திலுள்ள 3 முதல் 18 வயது வரையான பிள்ளைகள் யாவர்க்கும் ஆண்டுக்கு இரு முறை பூச்சிக்குளிசை கொடுக்கப்பட்டது. இக்காலத்துக் குளிசைகள் பழைய எண்ணெயைப்போற் கொடியவை அல்ல. மெபெண்டசோல், அல்பெண்டசோல் என்பன விலை குறைந்தவை. பெரும்பாலோர்க்கு ஒரே ஒரு குளிசை. கடித்துச் சுவைத்து விழுங்கலாம். இந்தத் திட்டம் 2005 வரை நடந்து நின்றுபோயிற்று.

நான்கு ஆண்டு கழித்து, 2009இல், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து ஆய்வாளர் முன்னின்று ஓர் ஆய்வை நடத்தினார்கள். நாம் கூடியிருக்கும் இவ்விடத்துக்கு அண்மையில், ராகமையில் இருக்கிறது அந்தப் பீடம். ஐந்து மாவட்டங்களில் 114 தோட்டப் பாடசாலைகளுக்குச் சென்று 1,890 பிள்ளைகளின் மலத்தைப் பரிசோதித்தார்கள். வீடுகளுக்கும் சென்று மலசலகூடங்களைப் பார்வையிட்டார்கள். நூற்றுக்கு 29 பிள்ளைகளுக்குப் புழு இருந்தது. நூற்றுக்கு 11.6 பேருக்கு நடுத்தர அளவிலோ மிகுதியாகவோ தொற்று இருந்தது. ஐந்து மாவட்டங்களில் நான்கில் ஐந்திலொரு பிள்ளைக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தது. பத்தாண்டு உழைப்புக்குப் பிறகும், மருந்தை உரிய காலத்துக்கு முன் நிறுத்தினால் நோய் மீளும் என்பதே அவர்கள் 2011இல் வெளியிட்ட முடிவு.

நண்பர்களே, அந்த ஆய்வு வேறு இரண்டையும் கண்டறிந்தது. ஒன்று, மலசலகூட வசதி குன்றிய வீட்டுப் பிள்ளைக்கு வட்டப்புழுவும் கொழுக்கிப்புழுவும் மிகுதி. இதை யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். மற்றொன்று, தாயின் கல்வி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு மூவகைப் புழுவும் மிகுதி. ஆம், தாயின் கல்வி! பதினான்கு வயதிலே பாடசாலையை விட்டு நிறுத்திக் கொழும்புக்கு வீட்டுவேலைக்கு அனுப்பிய ஒரு சிறுமி, பின்னாளில் தாயாகும்போது, அவள் இழந்த கல்விக்கு அவளுடைய பிள்ளையின் குடல் வட்டி கட்டுகிறது. நம்முடைய வீடுகளிலே அத்தகைய சிறுமியரை வேலைக்கு வைத்திருப்போர் இதைச் சற்று எண்ணிப் பார்ப்பார்களாக.

சராசரி என்னும் திரை

2003இல் நாடளாவிய ஆய்வில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடம் 6.9 வீதம் என்று கண்டார்கள். 2017இல் அது 0.97 ஆயிற்று. இது நாடு பெற்ற வெற்றி. இதற்கு உழைத்த மருத்துவரையும் குடும்பநல மாதரையும் பரிசோதகரையும் ஆசிரியரையும் வணங்குகிறேன். ஆனால் அதே ஆய்வு மேல்மாகாணத்து நகரச் சேரிகளில் 2.73 வீதம் என்றும், தோட்டச் சமூகங்களில் 9.02 வீதம் என்றும் கூறுகிறது. நாட்டுச் சராசரியைப்போல் தோட்டத்து எண் ஒன்பது மடங்கு.

சராசரி ஒரு பயனுள்ள கருவிதான். ஆயினும் அதற்கு ஒரு குணம் உண்டு. சிறுபான்மையினரின் துன்பத்தைப் பெரும்பான்மையினரின் நலத்துக்குள் கரைத்துவிடும். ஒருவன் தலையை அடுப்பிலும் காலைப் பனிக்கட்டியிலும் வைத்திருந்தால், சராசரியில் அவன் சுகமாக இருக்கிறான் என்று கணக்கன் எழுதிவிடலாம். நாட்டில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்ற எண்ணைக் கண்ட ஓர் அதிகாரி, 'இனி இந்நோய்க்குப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை' என்று கோப்பை மூடிவிட எவ்வளவு நேரம் ஆகும்? உலக சுகாதார நிறுவனத்தின் விதிப்படி, தொற்று நூற்றுக்கு இருபதுக்குக் குறைந்தால் எல்லோர்க்கும் கட்டாயமாக மருந்து கொடுக்க வேண்டுவதில்லை. விதி தவறன்று. எந்த எல்லைக்குள் கணக்கிடுகிறோம் என்பதே கேள்வி. மாவட்டம் முழுவதையும் ஒரு கூடையிற் போட்டுக் கணக்கிட்டால் தோட்டம் மறைந்துவிடும். ஒவ்வொரு தோட்டப் பிரிவையும் தனித்தனியே எண்ணினால் தீ எங்கே கனன்றுகொண்டிருக்கிறது என்பது தெரியும்.

குளிசை போதுமா?

இங்கே அறிஞர்களிடையே நடக்கும் ஒரு வாதத்தையும் மறைக்காமற் சொல்லவேண்டும். கென்யாவின் புசியா மாவட்டத்தில் 1998 முதல் 75 பாடசாலைகளில் குளிசை கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, பிள்ளைகள் பாடசாலைக்கு வராமல் நிற்பது நான்கிலொரு பங்கு குறைந்தது என்று 2004இல் அறிவித்தது. உலகமெங்கும் உற்சாகம் பிறந்தது. ஆனால் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் பத்து இலட்சம் சிறுபிள்ளைகளிடையே நடத்தி 2013இல் வெளியிட்ட பேராய்வு, குளிசையால் எடையிலோ இறப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணவில்லை. பல ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிடும் கொக்ரேன் குழுவினரும், எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதாற் கிடைக்கும் சராசரிப் பயன் மிகச் சிறிது என்றே கூறினர்.

இதைக் கேட்டுக் குளிசையை வீசிவிடலாமா? ஆகாது. இங்கும் அந்தச் சராசரியே நம்மை மயக்குகிறது. ஒன்றிரண்டு புழு உள்ள பிள்ளைக்குக் குளிசையால் எடை கூடாது. புழுவே இல்லாத பிள்ளைக்கு எதுவும் நேராது. ஐம்பது அறுபது வட்டப்புழுக்கள் குடலை அடைத்துக்கொண்டு வயிறு வீங்கிக் கிடக்கும் பிள்ளைக்கோ அது உயிர் காக்கும் மருந்து. மூவரையும் கூட்டி மூன்றால் வகுத்தால் பயன் சிறிதாகத்தான் தோன்றும். தேவைப்படுபவனைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்பதே அந்த ஆய்வுகளிலிருந்து நாம் பெறத்தக்க பாடம்.

மேலும் குளிசைக்கு எல்லை உண்டு. வட்டப்புழுவை ஒரு குளிசை பெரும்பாலும் வென்றுவிடும். சவுக்குப்புழுவோ ஒரு குளிசைக்கு எளிதில் அசையாது. அன்றியும் குளிசை வயிற்றைத் தூய்மை செய்யுமேயன்றி மண்ணைத் தூய்மை செய்யாது. மண்ணிலுள்ள முட்டை ஆண்டுக்கணக்கிலும் உயிரோடு கிடக்கும். 1916இல் மாத்தளையிற் கண்ட உண்மை இன்றும் மாறவில்லை.

கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு சொல். முதல் மூன்று மாதம் கழிந்த பின் பூச்சிக்குளிசை கொடுக்கும் வழக்கம் நம் நாட்டுச் சிகிச்சை நிலையங்களில் 1994 முதல் வந்தது. அதனாற் குழந்தைக்குத் தீங்கு நேருமோ என்ற ஐயத்தை இலங்கையிலேயே ஆராய்ந்து, பிறவிக் குறைபாடு குறிப்பிடத்தக்க அளவிற் கூடவில்லை என்று 1999இல் உலகுக்கு அறிவித்தார்கள். அந்த ஆய்வு பிற நாடுகளுக்கும் வழிகாட்டிற்று. ஆகவே சிகிச்சை நிலையத்திற் கொடுக்கும் குளிசையை அஞ்சி எறிந்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் மட்டும் தாமாக உட்கொள்ளலாகாது.

வென்றவர்கள் எவ்வாறு வென்றார்கள்?

தென்கொரியாவைப் பாருங்கள். 1971இல் அந்நாட்டில் நூற்றுக்கு 84 பேருக்கு ஏதேனும் ஒரு குடற்புழு இருந்தது. 1969 முதல் 1995 வரை, ஆண்டுக்கு இரு முறை, பாடசாலைப் பிள்ளைகளின் மலத்தைப் பரிசோதித்து, புழு உள்ளவர்க்கு மருந்து கொடுத்தார்கள். 1997இல் வட்டப்புழு பதினாயிரம் பேரில் ஆறு பேருக்கே இருந்தது. மருந்து மட்டும் இதைச் செய்யவில்லை. மனித மலத்தை வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் பசளையாக இடும் பழைய வழக்கம் ஒழிந்தது, வீடுகளுக்கு நல்ல மலசலகூடம் வந்தது, வருவாய் உயர்ந்தது. ஜப்பானும் போருக்குப் பின் ஏறக்குறைய இவ்வழியிலேயே சென்று வென்றது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. அதுவும் இந்த வத்தளை மண்ணிலேயே உண்டு. யானைக்கால் நோய் இந்தக் கரையோரத்தின் பழம் பகை. சதுப்பும் வாய்க்காலும் நிறைந்த நம் ஊரில் அந்நோயைப் பரப்பும் நுளம்புக்குக் குறைவில்லை. கம்பஹா உட்பட எட்டு மாவட்டங்களில் 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் எல்லோர்க்கும் குளிசை கொடுத்தார்கள். உங்களிற் பலர் அதை உட்கொண்டிருப்பீர்கள். 2016இல் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இலங்கையில் இனி இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டே மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றும் கிடைத்தது. கரையோரத்தில் யானைக்காலை வெல்ல முடிந்த நாட்டுக்கு மலையிலே புழுவை வெல்ல முடியாதா? முடியும். அறிவும் மருந்தும் ஆளும் உண்டு. அங்கே வாழ்பவனும் இந்நாட்டின் குடிமகன் என்ற நினைவே வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட இடங்கொடுக்கவில்லை. வரி, வாக்கு யாவும் உண்டு. வடிகான் மட்டும் இல்லை என்ற நிலை. 2018இற் செய்த திருத்தத்தால் அந்தத் தடை நீங்கிற்று. கதவு திறந்துவிட்டது; உள்ளே நுழைவது யார்? மலைநாட்டுப் பிரதேச சபைகளில் நம் பிரதிநிதிகள் அமர்ந்திருக்கின்றார்கள். வரவுசெலவுத் திட்டத்தில் லயத்து மலசலகூடத்துக்கும் குழாய்நீருக்கும் எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள். மாலை போடுமுன் இதைக் கேளுங்கள். நீங்கள் இங்கே வத்தளையில் வாழ்ந்தாலும் உங்கள் உறவினர் அங்கே வாக்களிக்கின்றனர். அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.

மலசலகூடம் என்றால் நான்கு சுவரும் ஒரு கதவும் மட்டுமல்ல. தண்ணீர் வேண்டும். குழி நிறைந்தால் அதை வெறுமையாக்க வழி வேண்டும். இரவிலே பெண்பிள்ளை தனியே அஞ்சாமல் செல்லக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று இருந்தாலன்றி அதைத் தூய்மையாக வைத்திருக்க ஒருவர்க்கும் மனம் வராது. இவை யாவற்றுக்கும் அடியில் இருப்பது நிலம். பிறர் நிலத்தில், பிறர் கட்டிய லயத்தில் வாழ்பவன் எந்த நம்பிக்கையில் தன் உழைப்பைப் போட்டுக் குழி வெட்டுவான்? வீட்டுரிமைக்கும் காணியுரிமைக்கும் குரல் கொடுப்பவர்கள், குடற்புழுவுக்கும் சேர்த்தே மருந்து கேட்கின்றார்கள்.

நகரத்து நாமும் சுத்தக்காரர் என்று எண்ணிவிடலாகாது. களனி கங்கை பெருகும்போதெல்லாம் தாழ்ந்த பகுதிகளில் மலக்குழியும் கிணறும் ஒன்றாகின்றன. வெள்ளம் வடிந்தபின் முற்றத்து மண்ணிற் பிள்ளைகளை வெறுங்காலோடு விளையாட விடாதீர்கள். நெருங்கிய குடியிருப்புகளில் பல குடும்பங்கள் ஒரே கூடத்தைப் பயன்படுத்தினால், முறைவைத்துக் கழுவ ஏற்பாடு செய்யுங்கள். நகரசபையிடம் கூட்டாகச் சென்று கேளுங்கள்.

விவசாயப் பெருமக்களுக்கு: மலக்குழிக் கழிவைக் கீரைப்பாத்திக்கோ மரக்கறிக்கோ ஒருபோதும் விடாதீர்கள். எரு நன்கு மக்கிய பின்னரே இடுங்கள். ஈரமண்ணில் வேலை செய்யும்போது காலணியோ நீள்சப்பாத்தோ அணியுங்கள். கீரைக்கட்டை வடிகான் நீரிலே நனைத்துச் சந்தைக்குக் கொண்டுவருவது வாங்குவோரின் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். தாய்மாருக்கு: வல்லாரைச் சம்பலைப்போல் பச்சையாக உண்ணும் இலைகளை ஓடும் நீரில், இலையிலையாகப் பிரித்து, பலமுறை கழுவுங்கள். புழு முட்டை ஒட்டும் இயல்புடையது. ஒருமுறை முக்கி எடுத்தாற் போகாது. நகத்தை வெட்டுங்கள். கூழானாலும் குளித்துக் குடிக்கச் சொன்ன நம் முன்னோர், சவர்க்காரம் இட்டுக் கை கழுவி உண்ணச் சொன்னாலும் உடன்பட்டிருப்பார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகம் வெளிறி, களைத்து, அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மண்ணையும் சுண்ணாம்பையும் தின்னும் பிள்ளையைக் கண்டால் பிரம்பை எடுக்காதீர்கள். பெற்றோரை அழைத்துச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புங்கள். பாடசாலையில் மருத்துவப் பரிசோதனை நடக்கும் நாளில் ஒரு பிள்ளையும் தவறாதபடி பாருங்கள். மலசலகூடத்தைப் பூட்டிச் சாவியை அதிபரின் மேசையில் வைத்திருக்கும் பாடசாலை, சுகாதாரப் பாடத்தை எந்த வாயாற் கற்பிக்கும்?

மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணிகள் ஆகிய தொழிலறிஞர்கள் பலர் இச்சபையில் இருக்கின்றீர்கள். உங்களிடம் பணம் கேட்கவில்லை. எண்ணைக் கேட்கிறேன். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் எத்தனை குடும்பம், எத்தனை கூடம், எத்தனை குழாய், எத்தனை பிள்ளைகளுக்குப் புழு என்ற கணக்கு நம் கையில் இருந்தால், சராசரி என்ற திரையை நாமே கிழிக்கலாம். 'எங்கள் பிள்ளைகள் துன்புறுகின்றனர்' என்று அழுவோரை அதிகாரி ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவான். 'இந்தப் பிரிவில் நாற்பது குடும்பத்துக்கு நான்கு கூடம். இதோ பட்டியல்' என்று நிற்பவனை அவ்வளவு எளிதில் அனுப்ப முடியாது.

ஆகவே மூன்று கோரிக்கைகளை இக்கூட்டத்தின் தீர்மானமாக ஏற்குமாறு வேண்டுகிறேன். தோட்டப் பிள்ளைகளின் தொற்றுக் கணக்கு ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் தனியே எடுக்கப்பட்டு வெளியிடப்பட வேண்டும். அந்தக் கணக்கு தணிந்துவிட்டது என்று உறுதியாகும் வரை அங்கே குளிசையை நிறுத்தலாகாது. 2005இற் செய்தது மறுபடியும் நேரலாகாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரோடு கூடிய மலசலகூடம் ஒன்று கட்டி முடிக்கும் ஆண்டைக் குறித்து, அதற்குரிய பணத்தைப் பிரதேச சபைகளும் அரசாங்கமும் ஒதுக்க வேண்டும்.

தொண்ணூறை ஒன்பதாக்க இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. எஞ்சிய ஒன்பதைச் சராசரிக்குள் புதைத்துவிட்டு வெற்றிவிழாக் கொண்டாட நாம் இடங்கொடுக்கலாகாது. அந்த ஒன்பதில் ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை. அதற்கு ஒரு பெயர் உண்டு. வகுப்பறையில் ஓர் இடம் உண்டு. அந்தப் பிள்ளை விழித்த கண்ணோடு அவ்விடத்தில் அமர்ந்து கற்கும் நாளே நம் கணக்கு முடியும் நாள்.